அது காலி இடம் இல்லை

“உள்ள ஆள் இருந்தா திட்டலாம். ஆளே இல்லாத வண்டிய இன்னான்னு திட்டறது?” என்று கேட்டாள் ஏகவல்லி.

கேட்டது பக்கத்தில் நின்ற கன்னியம்மாவை. பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைக் காரை. ஏகவல்லியின் புருஷன் தேசப்பனின் படகு கரையேறும் இடத்தில் அது வந்து நின்றிருந்தது. கதவுகள் பூட்டியிருந்தன. ஓட்டுநர் இருக்கை என்று ஒன்று அதில் கிடையாது. பின்கண்ணாடி ஓரமாக ஒரு குழந்தையின் மஞ்சள் தொப்பி மட்டும் கிடந்தது. அந்தக் குழந்தையும் அதன் பெற்றோரும் அரைக் கிலோமீட்டர் தள்ளி, கடற்பூங்கா வாசலில் இறங்கிப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவர்களை இறக்கிவிட்ட கார் தானாகவே இடம் தேடிக்கொண்டு சங்குமுனைக்குப்பத்து மணலுக்கு வந்துவிட்டது.

“திட்டிப்புடாத. அதுக்குக் காது இருக்குதாம்,” என்றாள் கன்னியம்மா. “போன வாரம் செல்வராணி ஒரு வண்டி மேல காறித் துப்புனா. மூஞ்சியப் படம் புடிச்சி ஸ்டேஷனுக்கு அனுப்பிடுச்சி.”

கன்னியம்மாவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஏகவல்லிக்கு அவள் சொந்தமில்லை, ஆனால் அக்கா. இரண்டு வீட்டுப் படகுகளும் பக்கத்துப் பக்கத்து இடத்தில் கரையேறியவை. இப்போது கன்னியம்மா வீட்டுக்குப் படகு இல்லை. அவள் புருஷன் மாசிலாமணி இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவன் போனவன்தான். அவன் இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் நட்டிருந்தது. இத்தனை கார்கள் வந்து நிறைந்த மணலில் அந்தக் கல்லைச் சுற்றி மட்டும் ஒரு கார் இல்லை. வந்த கார்களெல்லாம் பதவிசாக அதைச் சுற்றிக்கொண்டு போயின.

கன்னியம்மா அதையும் பார்த்தாள், வெள்ளைக் காரையும் பார்த்தாள். “செத்தவனுக்கு எடம் இருக்குது. உன் புருசன் உசுரோட இருக்கறதுதான் தப்பு,” என்றாள்.

கடற்பூங்கா வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஊஞ்சல், புல்தரை, செயற்கை அருவி, படம் எடுத்துக்கொள்ள ஒரு பெரிய சிப்பி, எல்லாம் உண்டு. கார் நிறுத்த அறுநூறு இடம். ஞாயிற்றுக்கிழமை வருவதோ நாலாயிரம் கார். மனிதர்கள் ஓட்டிவந்த காலத்திலும் மிச்சக் கார்கள் குப்பத்துக்குள் நுழைந்தது உண்டுதான். ஆனால் அப்போது ஒரு டிரைவர் இருப்பார். “யோவ், போட் வர்ற எடம்யா” என்று ஒரு சத்தம் போட்டால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து வண்டியைப் பின்னால் எடுப்பார். முறைப்பார், பதிலுக்கு ஏதாவது சொல்வார், ஆனால் எடுப்பார். கார்கள் தாமாகவே ஓட ஆரம்பித்த பிறகு அந்தக் கிளாஸும் போயிற்று, அந்த ஆளும் போயிற்று.

அதற்குப் பதிலாக வந்ததுதான் இடங்காட்டி. நகர நிர்வாகம் கொண்டுவந்த ஏற்பாடு. கம்பங்களில் கண்கள், எங்கேயோ ஒரு கட்டடத்தில் மூளை. பூங்காவைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் எந்தப் பொது நிலம் நாற்பது நிமிஷம் வெறுமையாகக் கிடக்கிறதோ, அதைக் காலி என்று எழுதிக்கொண்டு கார்களை அனுப்பிவிடும். பிள்ளைகள் வகுப்புக்குப் போன நாற்பதாவது நிமிஷம் பள்ளி மைதானம் காலி. பிணம் எரிந்து முடிந்து சனம் கலைந்த நாற்பதாவது நிமிஷம் சுடுகாட்டு முகப்பு காலி. நகரமே இதைப் பாராட்டியது. ஒரு சதுர அடிகூட வீணாகவில்லை என்று பரிசு வாங்கினார்கள்.

சங்குமுனைக்குப்பத்தில் முப்பத்தேழு படகுகள். ஒவ்வொன்றுக்கும் கரையில் ஓர் இடம். படகு கடலில் இருக்கும்போது அந்த இடத்தில் யாரும் எதையும் வைக்கமாட்டார்கள். கருவாடு காயப் போடுவதில்லை, வலை விரிப்பதில்லை. பிள்ளைகளின் பந்து அங்கே உருண்டு போனால் பெரியவர்களைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். குறுக்கே போகிறவர்கள்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். போனவன் வந்து ஏறும்வரை அது அவனுடையது. வரவில்லை என்றாலும் அப்படியேதான் கிடக்கும். பதினாறாம் நாள் மட்டும் அங்கே ஒரு கல் நடுவார்கள். கல் நட்டால் அவன் இனி வரமாட்டான் என்று ஊர் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு வேறெந்தப் படகும் அங்கே ஏறாது.

ஆக, அந்த ஊரிலேயே அதிகக் காவலோடு இருந்த இடங்கள்தான் இடங்காட்டியின் கண்ணுக்கு அதிகக் காலியாகத் தெரிந்தன. படகு மணலில் கிடந்தால் அதில் பதிவு வில்லை இருக்கிறது, ‘உபயோகத்தில் உள்ளது’ என்று எழுதிக்கொள்ளும். கடலுக்குப் போய் நாற்பது நிமிஷம் ஆனால் கார் வந்துவிடும். அன்றைக்கு அந்த வெள்ளைக் காரை எடுக்க வைக்க ஆறு பேர் ஓடி, பூங்காவில் சொந்தக்காரரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் தேசப்பன் அலைக்கு வெளியே படகைச் சுற்றிக்கொண்டே இருந்தான். காரின் சொந்தக்காரர் நல்ல மனுஷர். தனக்கு இது தெரியவே தெரியாது என்று இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஞாயிறு வேறு கார், வேறு நல்ல மனுஷர்.

பூங்கா அலுவலகத்தில் புதன்கிழமைகளில் குறைகேட்பு. ஏகவல்லி போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் சுதாமதி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மிகைநிறுத்த அலுவலர் என்று அவள் பெயர்ப் பலகை சொன்னது. அறுநூறுக்கு மேல் வருகிற கார்களெல்லாம் அவள் பொறுப்பு. பொறியியல் படித்த பெண், முப்பது வயது இருக்கும். இடங்காட்டிக்கு விதி எழுதுகிற வேலையும் அவளுடையதுதான். மேலே உத்தரவு போடுவார்கள், அதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி எழுதுவது அவள்.

ஏகவல்லி சொன்னதையெல்லாம் அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, யந்திரத்துக்குப் பாரபட்சம் கிடையாது, கீழே ஏதாவது பொருள் இருந்தால் அது கண்டிப்பாக வண்டி அனுப்பாது என்று விளக்கினாள்.

“ரொம்பச் சின்ன வேலைம்மா. படகு போனதும் அந்த இடத்துல எதையாவது வச்சிட்டுப் போகச் சொல்லுங்க. ஒரு டிரம், ஒரு கல், எதுவா இருந்தாலும் சரி.”

 “மேடம், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டாள் ஏகவல்லி.

“ஆயிடுச்சு.”

“காலையில உங்க ஊட்டுக்காரர் ஆபீஸுக்குக் கெளம்பிப் போனதும், அவரு போட்டோவுக்கு மாலை போட்டுட்டு நீங்க வேலைக்கு வருவீங்களா?”

சுதாமதியின் முகம் மாறியது. அதற்கப்புறம்தான் ஏகவல்லி கல்லைப் பற்றிச் சொன்னாள். காலி இடத்தில் எதையாவது வைப்பது என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று சொன்னாள். பூங்கா கட்டியிருக்கிற மணலில் முன்பு அப்படி நாற்பது கற்கள் நின்றதையும், மூன்று தலைமுறை ஆட்கள் அவர்கள் என்பதையும், யந்திரம் வைத்துப் பிடுங்கி அம்மன் கோயிலுக்குப் பின்னால் கொண்டுவந்து குவித்ததையும் சொன்னாள். அன்றைக்கு ஊர்த் தலைவரான நாட்டார் போய் ஒப்பந்தக்காரரிடம் கேட்டபோது, கல்லெல்லாம் பத்திரமாகத்தானே இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். பூங்கா வந்தபிறகு குப்பத்துப் பக்கம் நட்டது மாசிலாமணியின் கல் ஒன்றுதான்.

சுதாமதி அத்தனையையும் குறிப்புப் பகுதியில் எழுதிக்கொண்டாள். மேலே அனுப்பவும் செய்தாள். ஒன்பது நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: ஓர் இடம் காலியாக இல்லை என்று கோர, அதில் ஏதேனும் இருத்தல் வேண்டும்.

பதிலைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இதுக்கு ஒம்போது நாளா?” என்றாள் கன்னியம்மா.

அடுத்த ஞாயிறு நான்கு பெண்கள் மணல் தொடங்கும் விளிம்பில் போய் நின்றார்கள். மனிதர் மேல் கார் ஏறாது. முதல் கார் நின்றது. அதற்குப் பின்னால் இரண்டாவது நின்றது. வரிசை பாலம் வரைக்கும் போய்விட்டது. இருபது நிமிஷத்தில் போலீஸ் வந்து நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் வரை வைத்திருந்து, இனி போக்குவரத்தைத் தடுத்தால் ஜெயில் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். ஏகவல்லியும் கன்னியம்மாவும் அந்த நான்கு பேரில் இருந்தார்கள்.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலன்று விடியலில் தேசப்பன் கடலுக்குப் போனான். துணைக்கு ஏகவல்லியின் தம்பி எத்திராஜ். மறுநாள் காணும் பொங்கல், பூங்கா வாசலில் வறுவல் கடைக்காரர்கள் மீனுக்கு அலைவார்கள், மத்தியானத்துக்குள் வந்துவிடலாம் என்று கணக்கு. மத்தியானம் வரவில்லை. ராத்திரியும் வரவில்லை. ஊர் தூங்கவில்லை.

காணும் பொங்கலன்று பதினோரு மணிக்குப் போன் வந்தது. பேசியவன் ஒரு விசைப்படகுக்காரன். இன்ஜின் நின்றுபோய் மிதந்துகொண்டிருந்தவர்களைக் கண்டதாகவும், பாதி தூரம் கட்டி இழுத்து வந்ததாகவும், இன்ஜினை ஏதோ ஒப்பேற்றியிருப்பதாகவும், மெள்ள வந்துகொண்டிருக்கிறார்கள், இரண்டு மணிக்குக் கரைக்கு வருவார்கள் என்றும் சொன்னான். துறைமுகத்துக்குப் போகமாட்டார்களா என்று கேட்டதற்கு, அந்த இன்ஜினுக்குப் பதினெட்டு கிலோமீட்டர் தாங்காது என்றான். அலை பெரிதாக இருக்கிறது, ஒரே மூச்சில் கரையேறத்தான் அதில் பலம் இருக்கிறது, இடத்தைத் தயாராக வையுங்கள் என்றான்.

ஏகவல்லி மணலைப் பார்த்தாள். பண்டிகைக்காக மற்ற முப்பத்தாறு படகுகளும் கரையில் இருந்தன. அவற்றுக்கு இடையிலும், அவற்றுக்குப் பின்னாலும், தண்ணீருக்குப் பத்தடி வரைக்கும், கார்கள். தேசப்பனின் இடத்தில் ஒரு நீலக் கார்.

சுதாமதிக்குப் போன் போட்டாள். சுதாமதி கட்டுப்பாட்டு அறையில் இருந்தாள். பின்னால் பத்துப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது. இன்றைக்கு ஒன்பதாயிரம் கார், எதையும் நிறுத்திவைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, இயக்குநரிடம் கேட்டுவிட்டேன், அவர் எழுத்து மூலமாகக் கேட்கிறார் என்றாள்.  பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள்.

“ஏகவல்லி, கவனமாக் கேளுங்க. அந்த நீலக் காரை அதோட சொந்தக்காரங்க கூப்பிட்டுட்டாங்க. பதினொண்ணு அம்பதுக்கு அது கிளம்பிடும். இன்னைக்குக் கூட்டம்னு காலி நேரத்தக் குறைச்சிட்டாங்க, நாப்பது நிமிஷம் இல்ல, தொண்ணூறு நொடிதான். தொண்ணூறு நொடிக்குள்ள அங்க எதையாவது வச்சிடுங்க. தயவுசெஞ்சு வச்சிடுங்க.”

“கல்லு வைக்கச் சொல்றீங்க.”

“உங்க வீட்டுக்காரர் வந்து இறங்கணும்னு சொல்றேன்.”

ஏகவல்லி போனை மடியில் செருகிக்கொண்டு நின்றாள். அம்மன் கோயிலுக்குப் பின்னால் கல்லுக்கு என்ன குறை. ஆனால் ஒரு பெண்டாட்டி தன் கையால், உயிரோடு வந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தபிறகு, அதைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பதா? வைக்காமல் விட்டால் அவன் எங்கே ஏறுவான்? மணி பதினொன்றே முக்கால்.

கன்னியம்மா எப்போது போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து இடத்தில் மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

“ஏகா, இந்தப் பக்கம் புடி. என் ஊட்டுக்காரர எடுத்துக்கோ.”

“அக்கா, இன்னா பேசற நீ?”

“அவரு செத்தது நெசம்தான? அதுல யாருக்கும் சந்தேகம் இல்லியே. உன் ஆளுக்குக் கல்லு வச்சாதான் தப்பு. என் ஆளு வந்து கொஞ்ச நேரம் குந்திக்கினு எடம் புடிச்சி வச்சா இன்னா தப்பு? பஸ்ஸுல துண்டு போடறதில்ல?”

“அப்ப மாமாவோட எடம்?”

கன்னியம்மா கல்லின் அடியில் விரல்களை விட்டு நெம்பினாள்.

நீலக் கார் கிளம்பியது. இரண்டு பெண்களும் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் அந்த இடத்தின் நடுவில் நட்டார்கள். வரிசையில் காத்திருந்த ஒரு சாம்பல் நிறக் கார் மணல் விளிம்பு வரைக்கும் வந்து, தயங்கி, நின்றது. இடங்காட்டி மரியாதையாக ஒதுங்கிவிட்டது. அதே நேரம் மாசிலாமணியின் இடம் வெறும் மணலாயிற்று. தொண்ணூறாவது நொடி ஒரு சிவப்புக் கார் வந்து அதில் நின்றுகொண்டது. இரண்டு வருஷமாக ஒரு நண்டுகூடத் துளை போட விடாமல் பார்த்துக்கொண்ட இடம். கன்னியம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது படகு தெரிந்தது. ஊரே சத்தம் போட்டது. படகு அலைக்கு வெளியே வந்து, கரைக்கு மூக்கைத் திருப்பி, அப்படியே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு எத்திராஜ் சொல்லித்தான் தெரிந்தது. கரை முழுக்கக் கார், நடுவில் ஒரு சந்து, அது தங்கள் இடம்தான், அதன் நடுவில் ஒரு கல். தேசப்பன் அதைப் பார்த்தான். “நமக்குக் கல்லு வச்சிட்டாங்கடா,” என்றான். இன்ஜின் கைப்பிடியை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரே ஒரு ராத்திரி. அதற்குள்ளா என்று எத்திராஜ் கத்தினானாம். இவன் காதில் ஏறவில்லை. கடலில் ஒரு ராத்திரி கிடந்தவனுக்கு நாள் கணக்கு எப்படி நிற்கும்?

ஏகவல்லி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி முந்தானையை எடுத்து வீசினாள். கூப்பிட்டாள். அலைச் சத்தத்தில் எதுவும் போய்ச் சேரவில்லை. படகு பக்கவாட்டில் திரும்ப ஆரம்பித்தது.

“கல்ல எடு, கல்ல எடு,” என்று யாரோ சொன்னார்கள்.

கன்னியம்மா எடுத்தாள். எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சாம்பல் கார் விளிம்பிலேயேதான் காத்துக்கொண்டிருந்தது. படகு உள்ளே வர நல்ல அலை அமைய வேண்டும், அதற்குத் தொண்ணூறு நொடி போதாது. கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் மணல் விளிம்புக்கு ஓடி, காரின் முகத்துக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தாள். கல்லை மடியில் வைத்துக்கொண்டாள். இனி தடுத்தால் ஜெயில் என்று கையெழுத்துப் போட்டவள் அவள்.

கார் ஒரு இனிமையான பெண் குரலில், வழியை விடும்படி கேட்டுக்கொண்டது. கன்னியம்மா அதற்கு, “சித்த இரு தாயி. மனுசங்க வர்றாங்க,” என்று பதில் சொன்னாள்.

கல் எழுந்து போனதைத் தேசப்பன் பார்த்தான். தண்ணீரில் நிற்பது யார் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்தான். அதற்குள் நல்ல அலை ஒன்று போய்விட்டது. அடுத்து வந்ததில் ஏறினான். இன்ஜின் பாதியில் இருமி நின்றது. படகு சாய்வாக வந்தது. நேராக வந்திருந்தால் முப்பதடிச் சந்து போதும். சாய்ந்து வந்ததால் அதன் பக்கம் போய் மாசிலாமணியின் இடத்தில் நின்ற சிவப்புக் கார்மேல் உரசியது. இடிக்காமல் தள்ளப் பார்த்துத் தேசப்பன் வலது கையை நடுவில் கொடுத்தான்.

மூன்று விரல்.

சிவப்புக் காருக்குக் கதவு நசுங்கியது. அது உடனே தானாக உதவி கேட்டுத் தகவல் அனுப்பிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு போக எட்டாவது நிமிஷம் ஒரு வண்டி வந்தது, அதற்கென்று கடற்கரையோரமாகத் தனி வழி விட்டிருந்தார்கள். தேசப்பனுக்காகக் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் கார் வரிசையில் நாற்பது நிமிஷம் நின்றது. எத்திராஜும் இன்னொருவனும் அவனைக் கதவுப் பலகையில் போட்டுக் கார்களுக்கு இடையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு பக்கமும் கண்ணாடிகள், உள்ளே ஒரு ஆள் இல்லை.

போலீஸ் எழுதிய புகாரில் தேசப்பனின் விரல்கள் வரவில்லை. கார் கதவு வந்தது. போக்குவரத்து தடைப்பட்ட ஐம்பத்திரண்டு நிமிஷம் வந்தது. கன்னியம்மாவை ஏற்றும்போது கல்லையும் ஏற்றினார்கள். தடைப்பொருள் ஒன்று, கருங்கல், என்று அதற்கு ரசீது எழுதினார்கள். அவள் பதினோரு நாள் உள்ளே இருந்தாள். கல் ஸ்டேஷன் கொல்லையில், பிடிபட்ட சைக்கிள்களோடு கிடந்தது.

பூங்காவுக்கு வந்திருந்த யாரோ ஒருவர் எடுத்த படம் மட்டும் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆளில்லாத காருக்கு முன்னால், மடியில் கல்லோடு, காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பிள்ளை. அதை ஊர் முழுக்கப் பார்த்தது. நிர்வாகத்துக்குச் சங்கடமாகப் போயிற்று. விசாரணை வைத்தார்கள். சுதாமதி முன்பு எழுதி அனுப்பிய குறிப்பை அப்போதுதான் மேலே உள்ளவர்கள் படித்தார்கள். படித்துவிட்டு நெகிழ்ந்துபோனார்கள்.

கன்னியம்மாவை விட்டார்கள். கல்லைக் கழுவித் துடைத்து, பழைய இடத்திலேயே நட்டார்கள். பெரிய அதிகாரி ஒருவர் வந்து, கடலோர மக்களின் உணர்வுகளை மதிக்கத் தெரிந்த யந்திரம் உலகிலேயே நம்முடையது ஒன்றுதான் என்று பேசினார். மரபுச் சின்னம் என்று ஒரு பலகை வைத்தார்கள். இனி இப்படிப்பட்ட நினைவுக்கல்லைச் சுற்றி இருபத்தைந்து அடிக்குள் எந்தக் காரும் நிற்காது, நுழையாது, ஆளை இறக்கிவிடவும் செய்யாது என்று விதி போட்டார்கள். கைதட்டினார்கள்.

கடலுக்குப் போன படகுகளின் இடம் என்ன ஆயிற்று என்று நாட்டார் எழுந்து கேட்டதற்கு, அது பரிசீலனையில் உள்ளது என்றார்கள்.

அடுத்த புதன்கிழமை சுதாமதி குறைகேட்பு மேஜைக்குப் போகவில்லை. குப்பத்துக்கு வந்தாள். தேசப்பன் வீட்டு வாசலில் கன்னியம்மாவும் ஏகவல்லியும் உட்கார்ந்திருந்தார்கள். தேசப்பன் கட்டுப்போட்ட கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, இடது கையால் வலைக் கண்ணைக் கோத்துப் பழகிக்கொண்டிருந்தான். வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்றான்.

சுதாமதி நின்றுகொண்டே, விடியற்காலையில் போன படகுகளின் இடத்தில் இன்றைக்கும் பதினாறு கார் நிற்பதைப் பார்த்தேன், என்னால் அதைத் தடுக்க முடியவில்லை என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்றாள்.

“உக்காரு,” என்றாள் கன்னியம்மா. மேடம் என்று சொல்லவில்லை. “வெவரம் ஒண்ணு கேக்கணும். அந்த இருவத்தஞ்சி அடி, இந்த ஒரு கல்லுக்கு மட்டுமா?”

சுதாமதி உட்கார்ந்தாள். “ஒவ்வொரு கல்லையும் பேரு, தேதி போட்டுத் தனித்தனியாப் பதிவு பண்ணச் சொல்லித்தான் மேல சொன்னாங்க. ஒரே ஒரு கல்லுதானே, எப்படி எழுதினா என்னன்னு யாரும் சரிபாக்கல. நான் ‘இப்படிப்பட்ட கல்’னு எழுதிட்டேன்.”

“அப்படின்னா?”

“அந்த மாதிரிக் கல்லு எங்க நின்னாலும் அது தெரிஞ்சிக்கும்.”

“யாருன்னு கேக்காதா? எப்ப செத்தான்னு கேக்காதா?”

“கேக்காது.”

“பூங்காவுக்குள்ள நின்னா?”

சுதாமதி அவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பூங்காப் பக்கம் பார்த்தாள். அறுநூறு இடம் கட்டியிருந்த தரை. ஆளை இறக்கிவிடும் வாசல். அதற்கு முன்னால் சாலை. “எங்க நின்னாலும்,” என்றாள்.

கன்னியம்மா அம்மன் கோயில் பக்கம் கையைக் காட்டினாள். “நாப்பது பேரு அங்க மூணு வருசமா ஒருத்தர் மேல ஒருத்தரு கெடக்கறாங்க. எனக்கு எங்க மாமியா சொல்லிக் குடுத்திருக்குது. யார் எடம் எதுன்னு கண்ண மூடிக்கினு சொல்லுவேன். மொத ஆளு, எங்க மாமனாரோட அண்ணன், இப்ப உங்க வாசல்ல கார் வந்து நிக்குதே, அங்கதான் இருந்தாரு.”

 நாற்பது கல், ஒவ்வொன்றையும் சுற்றி இருபத்தைந்து அடி. பொறியியல் படித்தவளுக்கு அந்தக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஏகவல்லிக்கே அது புரிந்துவிட்டது. வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை நாலாயிரம் கார், வாசலுக்கு வந்து, மரியாதையாகத் தயங்கி, ஒரு ஆளைக்கூட இறக்காமல் திரும்பிப் போவது அவள் கண்முன் தெரிந்தது.

“வேற எடத்துல வைக்கல,” என்றாள் கன்னியம்மா. “அவங்கவங்க எடத்துல கொண்டுபோய் உடறோம். அதுக்கு ஜெயிலா?”

சுதாமதி எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். “அந்த விதிய மாத்தணும்னா அது என் கையாலதான் ஆகணும். எனக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து பத்து நாள் லீவு. ஊர்ல இருக்கமாட்டேன்,” என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, “போனும் எடுக்கமாட்டேன்,” என்றாள்.

அவள் போனபிறகு தேசப்பன் வலையைக் கீழே வைத்தான். விரலைப் பற்றியோ இடத்தைப் பற்றியோ இத்தனை நாளில் ஒரு வார்த்தை பேசாதவன் அவன்.

“அக்கா, எங்க அப்பாவோட கல்லு மேலயே கெடக்குதா, அடியில கெடக்குதா?”

“நடுவுல.”

“அத நான் தூக்கறேன்,” என்று சொல்லி எழுந்தான்.